கண்ணாடியும் சேர்ந்ததுதான் முகம்

தில்லிக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து, முனிர்காவிலும் மயூர் விஹாரிலும் அறை எடுத்துத் தங்கி, முதன்முறையாகத் தன் கையாலேயே மேக்கப் போட்டுக்கொள்ளத் தொடங்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களிலும் கண்ணாடி போட்டவர்களுக்காக. ஆர்.கே. புரம் பக்கத்தில் கல்யாணப் பெண்களுக்கும் நாட்டியம் ஆடும் பிள்ளைகளுக்கும் வெகுகாலமாக அலங்காரம் செய்து வருகிறவள் நான். கண்ணாடி போட்ட பெண் என் முன்னால் வந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இதைக் கழற்றிவிட்டால் நன்றாக இருக்குமா, ஆன்ட்டி?" என்பதுதான். பெண் பார்க்க வரும் நாளில் கண்ணாடியை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லும் வீடுகளில் வளர்ந்த கேள்வி அது. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பிறர் உன்னைப் பார்ப்பதற்காக உன் பார்வையை நீ விட்டுக்கொடுக்காதே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டே லட்சணமாக இருக்கலாம். அதற்குக் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் கைப்பக்குவமும் வேண்டும். இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. உன் பவர் மைனஸா, பிளஸா? அதிலிருந்து தொடங்கு.

வீடியோவில் யாரோ போட்டுக் காட்டிய கண்ணலங்காரத்தை அப்படியே போட்டுக்கொள்கிறாய். கண்ணாடியை மாட்டியதும் முகம் வேறாகிவிடுகிறது. மாற்றியது லென்ஸ். தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிபவர்கள் போடும் மைனஸ் லென்ஸ், எதிரே நிற்பவருக்கு உன் கண்ணைச் சிறிதாகக் காட்டும். மைனஸ் 6 பவரில் கண் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சுருங்கித் தெரியும். பிளஸ் லென்ஸ் கண்ணைப் பெரிதாகக் காட்டும். கோணல் கோட்டையும் திட்டுத் திட்டான ஐஷேடோவையும் சேர்த்தே பெரிதாக்கும்.

மைனஸ் என்றால் இமை மேல் வெளிர் நிறம் பூசு. மேலிமைக் கோட்டை உள்முனையில் மெல்லிதாகத் தொடங்கி வெளிமுனையில் சற்றுத் தடிப்பாக முடி. கீழ் இமையின் உள்விளிம்பில் கறுப்பு மை அப்பாதே, சுருங்கிய கண் இன்னும் சுருங்கும். அந்த இடத்தில் தோல் நிறப் பென்சில் தொட்டால் கண் விரிந்து தெரியும். பிளஸ் என்றால் மினுமினுப்பு வேண்டாம். பழுப்பு, சாம்பல் போன்ற அடக்கமான நிறங்களை எடுத்து, எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று தெரியாதபடி விரலால் கலைத்துவிடு. மஸ்காரா ஒரே பூச்சு போதும்.

2. முகம் பார்க்கும் கண்ணாடியை எங்கே வைப்பது என்று கணக்குப் போடு.

கண்ணாடியைக் கழற்றினால்தான் கண்ணுக்கு மை இட முடியும். கழற்றினால் கண்ணே தெரியாது. இந்தச் சிக்கலில்தான் பல பெண்கள் கண்ணலங்காரமே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 100ஐ உன் பவரால் வகு. மைனஸ் 4 என்றால் 25. கண்ணாடி இல்லாமல் 25 சென்டிமீட்டர் தூரம் வரைதான் உனக்குத் தெளிவு. ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியும் பிம்பம், நீ எவ்வளவு முன்னால் நிற்கிறாயோ அவ்வளவு பின்னால் நிற்கும். ஆகவே அதில் பாதி, 12 சென்டிமீட்டருக்குள் அதைக் கொண்டுவா. மைனஸ் 5 என்றால் 10 சென்டிமீட்டர். சுவரில் மாட்டிய பெரிய கண்ணாடி இதற்கு உதவாது. கையில் பிடிக்கும் சாதாரணக் கண்ணாடி போதும்.

பெரிதாக்கிக் காட்டும் குழிக்கண்ணாடி பிளஸ் பவருக்குத்தான் ஏற்றது. அது பிம்பத்தைப் பெரிதாக்குவதோடு தள்ளியும் வைக்கும். மைனஸ்காரருக்கு அந்தத் தூரமே மங்கலாகிவிடும். ஊரில் இருக்கும் உன் அம்மாவுக்கு வெள்ளெழுத்து வந்திருந்தால், ஒவ்வொரு பக்க லென்ஸையும் தனித்தனியாக இறக்கிக்கொள்ளும் மேக்கப் கண்ணாடி கிடைக்கிறது, வாங்கிக் கொடு. ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே மற்றக் கண்ணுக்கு மை இடலாம்.

வெளிச்சம் முகத்துக்கு நேரே விழ வேண்டும். தலைக்கு மேலே ஒற்றை டியூப்லைட் எரியும் அறையில் கண்ணுக்குக் கீழே இல்லாத கருமையெல்லாம் தெரியும். ஜன்னலைப் பார்த்து உட்கார்.

3. பிரேம் வாங்கும்போதே பாதி மேக்கப் முடிந்துவிடுகிறது.

பழைய தில்லியில் சாந்தினி சௌக்கிலிருந்து பிரியும் பல்லிமாரான், மூக்குக்கண்ணாடி மொத்த வியாபாரத்துக்குப் பேர் போன தெரு. கவிஞர் காலிப் வாழ்ந்த காசிம் ஜான் சந்தும் அங்கேதான் இருக்கிறது. அங்கே வாங்கினாலும் லாஜ்பத் நகரில் வாங்கினாலும் மூன்று இடங்களைப் பார். முதலாவது மூக்கு. மூக்கின் மேற்பகுதி தாழ்ந்திருந்தால் ஒரே வார்ப்பான பிளாஸ்டிக் பிரேம் வழுக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை தூக்கிவிடும்போதும் ஃபவுண்டேஷன் கையோடு வரும். கம்பியில் பொருத்திய சிலிகான் நோஸ் பேட் இருந்தால் கடைக்காரர் உன் மூக்குக்கு ஏற்ப வளைத்துத் தருவார். இரண்டாவது புருவம். பிரேமின் மேல்விளிம்பு புருவத்தை ஒட்டியோ சற்றுக் கீழேயோ நிற்கட்டும். மூன்றாவது கன்னம். கடையிலேயே வாய்விட்டுச் சிரித்துப் பார். கன்னம் பிரேமைத் தூக்கினால் அந்தப் பிரேம் வேண்டாம்.

1930களில் நியூயார்க்கில் ஆல்டினா ஷினாசி என்ற பெண், வெனிஸ் நகரத்து ஹார்லெக்வின் முகமூடிகளைப் பார்த்து, ஓரங்கள் மேல்நோக்கி எழும் பிரேமை வடிவமைத்தார். இன்று நாம் கேட்-ஐ என்று கேட்டு வாங்கும் பிரேமுக்கு மூலம் அதுதான். முகத்தை மேலே தூக்கிக் காட்டும் வேலையை அந்தப் பிரேமே செய்துவிடும். அதைப் போட்டால் ஐலைனரை வால் நீட்டி வரையாதே, இரண்டும் மோதும்.

லென்ஸுக்குப் பிரதிபலிப்பைத் தடுக்கும் கோட்டிங் கேள். கோட்டிங் இல்லாத சாதாரண லென்ஸின் ஒவ்வொரு பக்கமும் விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பும். மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள் வாங்கும் மெல்லிய 1.67 லென்ஸில் அது 6 பங்குக்கும் மேல். பார்த்துப் பார்த்துப் போட்ட கண்ணலங்காரம் அந்தப் பளபளப்புக்குப் பின்னால் மறைந்தே போகும்.

4. மூக்கின் மேல் குறைவாகப் பூசு, பொறுத்திருந்து கண்ணாடி போடு.

கண்ணாடியைக் கழற்றியதும் மூக்கின் இருபுறமும் வெள்ளையாக இரண்டு தடம் தெரிகிறதா? அங்கே பூசியது நோஸ் பேடில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. செய்முறையை நிதானமாகக் கேள். முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் தடவி, அது தோலில் இறங்கும் வரை காத்திரு. ஃபவுண்டேஷனைக் கன்னத்திலிருந்து தொடங்கு. விரலில் மிச்சம் இருப்பதை மட்டும் மூக்குக்குக் கொண்டுபோ. தேய்க்காதே, விரல் நுனியால் தட்டித் தட்டி வை. ஒரு டிஷ்யூவை இரண்டாக மடித்து மூக்கின் மேல் வைத்து மெல்ல அழுத்தி எடு. அதிகப்படி எண்ணெய் அதில் வந்துவிடும். பிறகு நோஸ் பேட் உட்காரும் அந்த இரண்டு இடங்களில் மட்டும் சிறு பிரஷ்ஷால் பவுடரை அழுத்தி வை. ஐந்து நிமிஷம் கழித்துக் கண்ணாடியை நேராக முன்னாலிருந்து இரண்டு கையாலும் போடு. தலைக்கு மேலிருந்து சறுக்கி இறக்கினால் இவ்வளவும் வீண்.

நோஸ் பேடைத் தினமும் ஈரத் துணியால் துடை. பச்சை படிந்த பழைய பேடை மாற்றக் கடையில் சிறு தொகைதான் கேட்பார்கள்.

5. கண்ணுக்குக் கீழே இருப்பது நிழலா, கருவளையமா என்று பார்.

தடித்த பிரேம் தன் நிழலைக் கண்ணுக்குக் கீழே போடும். அதைக் கருவளையம் என்று நினைத்து வெளுப்பான கன்சீலரை அள்ளிப் பூசினால், கண்ணாடிக்குள் இரண்டு வெள்ளைப் பிறைகள் தெரியும். நம் தோலின் கருமைக்கு முதலில் ஆரஞ்சு சாயல் கலந்த கரெக்டரை மிக மெல்லிதாகத் தொடு. அதன் மேல் உன் நிறத்துக்கே உரிய கன்சீலரை, கண்ணின் உள்மூலையில் மட்டும் தட்டி வை. கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் இன்னும் வேண்டுமா என்று முடிவு செய்.

6. கண்ணுக்குள் போவது எதுவோ அதன் லேபிளைப் படி.

நம் பாட்டிமார் கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்துத் திரி செய்து, விளக்கெண்ணெயில் எரித்து, பித்தளைத் தட்டில் படிந்த கரியைக் குழைத்து மை கூட்டினார்கள். அடுத்த தலைமுறைக்கு ஐடெக்ஸ் டப்பா வந்தது. உன் கையில் பென்சில் காஜல் இருக்கிறது. எதுவானாலும் இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளின் வாயை அடைக்காமல் இட வேண்டும். அவை சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் காக்கிறது. தினசரிக்கு மேலிமை முடியின் வேரை ஒட்டி வெளிப்பக்கம் வரைவதே நல்லது.

ஜாமா மஸ்ஜித் பக்கம் போனால் அழகழகான குப்பிகளில் சுர்மா விற்பார்கள். குப்பியை ஆசைக்கு வாங்கி வை; உள்ளே இருப்பதைக் கண்ணில் இடாதே. பழைய முறைச் சுர்மா பெரும்பாலும் ஈயத் தாதுவை அரைத்த பொடி. ஈயம் உடம்பில் தங்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மிகவும் ஆபத்து. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரித்தவர் பெயர், முகவரி, பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதெல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். சதர் பஜாரில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இவை இல்லாத பொருளைக் கண்ணருகே கொண்டுபோகாதே. அறைத்தோழியின் காஜலையும் மஸ்காராவையும் வாங்கிப் போடாதே, உன்னுடையதையும் கொடுக்காதே. கண்நோய் ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குப் போக அதுவே சுலபமான வழி.

7. இமைமுடியை நீட்டாதே, வளை.

லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவே 12 முதல் 14 மில்லிமீட்டர்தான் இடைவெளி. மேலிமை முடியோ 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை வளரும். நீட்டிக் காட்டும் மஸ்காரா போட்டால் ஒவ்வொரு இமைப்பிலும் லென்ஸில் கறுப்புக் கீறல் விழும். கர்லரால் முடியை மேலே வளைத்து, வேரில் அடர்த்தியாகவும் நுனியில் பட்டும் படாமலும் மஸ்காரா பூசு. அப்படியும் உரசினால் நோஸ் பேடைச் சற்று நெருக்கித் தரச் சொல்; கண்ணாடி கொஞ்சம் முன்னே நகரும். திறந்த மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதே.

8. புருவத்தைப் பிரேமோடு போட்டி போடவிடாதே.

கறுத்த தடித்த பிரேமுக்கு மேல் கறுத்த தடித்த புருவம் இருந்தால் நெற்றியில் இரண்டு கோடுகள் அடுக்கியது போல் ஆகிவிடும். இடைவெளி உள்ள இடங்களில் மட்டும் முடியின் நிறத்தைவிடச் சற்று இளம் நிறப் பென்சிலால் நிரப்பு. பார்லரில் த்ரெடிங் செய்யப் போகும்போது கண்ணாடியைக் கொண்டுபோய், மாட்டிக் காட்டி, பிரேமுக்கு மேலே எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்.

9. பொட்டுக்கும் ஜிமிக்கிக்கும் இடம் பார்.

இதை எந்த வெளிநாட்டுப் புத்தகமும் உனக்குச் சொல்லித் தராது. பிரேமின் நடுப்பாலம் உயரத்தில் இருந்தால், புருவ மத்தியில் வைத்த பொட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிடும். விரல் பருமன் அளவு மேலே ஏற்றி வை. பிரேம் பெரிதானால் பொட்டு சிறிதாகட்டும். கம்பி பிரேமுக்குப் பெரிய குங்குமப் பொட்டு எடுப்பாக இருக்கும். காது மேல் பின்னுக்குப் போகும் மாட்டல், கண்ணாடிக் கம்பியோடு சிக்கும். முதலில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிறகு மாட்டலைக் கம்பிக்கு வெளிப்பக்கமாகக் கொண்டுபோய்க் கூந்தலில் செருகு.

10. உதட்டுக்குத் தைரியமாக நிறம் கொடு.

கண்ணின் பாதி பிரேமுக்குள் இருக்கும்போது முகத்தின் களையை உதடு ஏந்திக்கொள்ளும். செங்கல் சிவப்பு, பெர்ரி, இளஞ்சிவப்பு எல்லாமே நம் மாநிறத்துக்கு எடுக்கும். அவசரமான காலையில் உதட்டுச்சாயமும் சுத்தமான லென்ஸும் இருந்தாலே போதும்.

11. தில்லியின் பருவத்துக்கு வளைந்து கொடு.

மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது ஃபவுண்டேஷனை விட்டுவிடு. சன்ஸ்கிரீனும் கொஞ்சம் பவுடரும் போதும். ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் மூக்கு வழியும். கைப்பையில் டிஷ்யூ இருக்கட்டும். ஏசி மெட்ரோவை விட்டு வெளியே வந்ததும் குளிர்ந்த லென்ஸில் ஆவி படியும். டிசம்பர், ஜனவரிப் பனியில் இது தலைகீழாக, உள்ளே நுழைந்ததும் படியும். உடனே துடைக்கப் போனால் மையும் சேர்ந்து கலையும். ஒரு நிமிஷம் நில், தானே தெளியும். தீபாவளியை ஒட்டிப் புகைமூட்டம் சூழும் நாட்களில் கண் எரிந்தால் கான்டாக்ட் லென்ஸையும் காஜலையும் ஒதுக்கிவை. அந்த நாட்களில் கண்ணாடி தூசிக்கும் ஓரளவு தடுப்பாக இருக்கும். எந்தப் பருவமானாலும் ஓடும் மெட்ரோவில் கண்ணுக்கு மை தீட்டாதே. ஒரு பிரேக் போதும், பென்சில் முனை கருவிழியில் கீற.

12. இரவில் முகத்தையும் லென்ஸையும் கழுவிவிட்டுப் படு.

எத்தனை களைப்பாக வந்தாலும் கண் மையோடு தூங்காதே. ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் போதும். தில்லிக் குளிரில் அது பாட்டிலுக்குள் கட்டியாகிவிடும். உள்ளங்கையில் வைத்து உருக்கிக்கொள். பஞ்சில் தொட்டு மூடிய இமை மேல் சிறிது நேரம் வைத்து, மேலிருந்து கீழாகத் துடைத்து, முகத்தை சோப்போ ஃபேஸ்வாஷோ போட்டுக் கழுவு. எண்ணெய் கண்ணுக்குள் போக வேண்டாம். லென்ஸைத் துப்பட்டாவாலும் முந்தானையாலும் துடைக்கும் பழக்கத்தை இன்றே விடு. துணியில் இருக்கும் தூசி கோட்டிங்கைக் கீறிவிடும். குழாய்த் தண்ணீரில் நனைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரலால் தேய்த்துக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடு.

13. கல்யாணத்தன்றும் கண்ணாடி போடலாம்.

கான்டாக்ட் லென்ஸ்தான் வேண்டும் என்றால் தாராளமாகப் போடு. ஆனால் பல வாரங்களுக்கு முன்பே கண் மருத்துவரிடம் அளவெடுத்துப் பழகியிரு. முகூர்த்தத்தன்று முதன்முறையாகப் போட்டு, ஹோமப் புகையில் கண் கலங்கி உட்கார்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். லென்ஸைக் கண்ணில் வைத்த பிறகு மேக்கப் போடு. லென்ஸை எடுத்த பிறகு மேக்கப்பைக் கலை. லென்ஸில் குழாய்த் தண்ணீர் படவே கூடாது. தில்லித் தமிழ்ச் சங்கத்திலோ கமானி அரங்கத்திலோ மேடையேறி ஆடும் பிள்ளைகளுக்கும் இதே விதிதான்.

கண்ணாடியோடு உட்கார விரும்பினால் மெல்லிய பொன்னிறக் கம்பி பிரேம், பிரதிபலிப்பைத் தடுக்கும் லென்ஸ், ஓரமாகத் தொங்காத நெற்றிச்சுட்டி என்று முன்கூட்டியே திட்டமிடு. முகவாயைச் சற்றுத் தாழ்த்தினால் ஃபிளாஷ் ஒளி லென்ஸில் பட்டு நேரே கேமராவுக்குத் திரும்பாது, போட்டோகாரரிடமும் சொல்லிவை. தாலி ஏறும் நேரத்தில் எதிரே நிற்கும் உன் அம்மா முகம் உனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆல்பம் அதற்கு அடுத்ததுதான்.

14. கழற்றச் சொல்பவர்களுக்கு நிதானமாகப் பதில் சொல்.

2018 ஏப்ரல் 12 அன்று தென் கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியில் இம் ஹியோன்-ஜு என்ற செய்தி வாசிப்பாளர் கண்ணாடி அணிந்து காலைச் செய்தி வாசித்தார். ஆண்கள் வெகுகாலமாகச் செய்துவந்ததை ஒரு பெண் செய்ததும் நாடே அதைப் பேசியது. 2019இல் ஜப்பானில் சில வேலையிடங்கள் பெண் ஊழியர்களைக் கண்ணாடி போடவிடுவதில்லை என்ற செய்தி வந்தபோது பெண்கள் கொதித்தெழுந்தார்கள். நம் வீடுகளில் விதி ஏதும் எழுதி வைக்கவில்லை. "போட்டோவுக்கு மட்டும் கழற்றும்மா" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். "இது என் கண், இதோடேயே எடுங்கள்" என்று நீயும் அன்பாகவே சொல்.

15. முதல் சம்பளத்தை இந்த வரிசையில் செலவு செய்.

முதலில் கண் பரிசோதனை. எய்ம்ஸ் வளாகத்தில் 1967 முதல் இயங்கும் டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையத்துக்குப் போனாலும் சரி, உன் பேட்டையில் இருக்கும் கண் மருத்துவரிடம் போனாலும் சரி, வருஷத்துக்கு ஒரு முறை பவரைப் பார்த்துக்கொள். அடுத்தது நல்ல லென்ஸ், கோட்டிங்கோடு. மூன்றாவது மூக்கில் பொருந்தி உட்காரும் பிரேம். நான்காவது கையில் பிடிக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி. அதற்குப் பிறகு ஒரு கன்சீலர், ஒரு காஜல், ஒரு உதட்டுச்சாயம். அடுத்த மாதம் பணம் மிஞ்சினால் மஸ்காரா வாங்கு. இந்த வரிசையை மாற்றி, மங்கிய பழைய லென்ஸுக்குப் பின்னால் விலையுயர்ந்த மேக்கப் போட்டுக்கொள்வதில் எந்தப் பயனும் இல்லை.